கயிற்றைத் தொய்வாகப் பிடிக்கவும்

லிஃப்ட்காரருக்கு ஒரு வேதவாக்கு உண்டு. "நின்னவன் எவனும் செத்ததில்லை. விழுந்தவன்தான் செத்திருக்கான்." அடுக்குமாடிகளின் உச்சியில், எண்ணெய் நாறும் மோட்டார் அறைகளில் முட்டி போட்டு உட்கார்ந்து லிஃப்ட் பழுது பார்த்தே ஆயுளில் பாதியைக் கழித்தவர் அவர். கற்றுக்கொண்டது இதைத்தான். லிஃப்டில் எது கெட்டாலும் அது நிற்க வேண்டும். கதவு சரியாகச் சாத்தவில்லையா, நில். எடை கூடிவிட்டதா, நில். கரண்டு போய்விட்டதா, நில். உள்ளே மாட்டிக்கொண்டவன் கத்துவான், மணியை அமுக்குவான், கம்பெனிக்காரனின் ஏழு தலைமுறையையும் திட்டுவான். திட்டட்டுமே! திட்டுவதற்கு உயிர் இருக்கிறதல்லவா?

தொழிலுக்கு இது தங்கமான கொள்கை. சாயங்காலம் அதைக் கழற்றி மோட்டார் அறை ஆணியிலேயே மாட்டிவிட்டு வந்திருந்தால் யாருக்கும் வம்பில்லை. மனிதர் வீட்டுக்கும் எடுத்து வந்தார். மகள் சைக்கிள் கேட்டாள், நில். மகள் வெளியூரில் படிக்கக் கேட்டாள், நில். அவள் அப்பாவுக்கு 'எமர்ஜென்சி ஸ்டாப்' என்று பெயர் வைத்ததில் என்ன தப்பு? ஆனால் ஒன்று, "கூடாது" என்று அவர் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. "பாக்கலாம்" என்பார். அந்த வீட்டில் "பாக்கலாம்" என்றால் கதை முடிந்தது என்று பூனைக்குக்கூடத் தெரியும்.

மகள் கெட்டிக்காரி. அப்பா பார்த்துக்கொண்டிருக்கும்போதே படித்து, வேலைக்குப் போய், கல்யாணமும் செய்துகொண்டு கிளம்பிவிட்டாள். மாட்டிக்கொண்டவள் மனைவிதான்.

மனைவி ஆஸ்பத்திரியில் பச்சைக் குழந்தைகள் வார்டில் நர்ஸ். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அவள் நர்ஸம்மா. போன வாரம் ஒரு மாலை வேலை முடிந்து வந்தவள், சமையலறையில் நாற்காலியைப் போட்டு, வெந்நீர் ஊற்றிய பிளாஸ்டிக் தொட்டியில் கால்களை விட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நாள் முழுக்க நின்ற கால்கள் வீங்கியிருந்தன. அவர் அலமாரிக் கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"என்னங்க, புதுசா ஒரு ஆஸ்பத்திரி திறக்கறாங்க. குறை மாசத்துல பொறக்கற குழந்தைங்களுக்குன்னே தனி வார்டாம். என்னைத் தலைமை நர்ஸா வரச் சொல்றாங்க."

"எங்க?"

"தூரம்தான். பஸ்ல ஒரு பகல் ஆயிடும். ரெண்டு வருஷம். தங்க அங்கயே வீடு தர்றாங்க. திங்கட்கிழமை பதில் சொல்லணும்."

அவர் எண்ணெய்க் குப்பியை மூடினார். கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். சத்தம் வரவில்லை.

"பாக்கலாம்," என்றார்.

அவள் கால்களை எடுத்துத் துடைத்துக்கொண்டாள். "முன்னாடி பயிற்சிக்குக் கூப்பிட்டப்பவும் இதையேதான் சொன்னீங்க. பாத்துக்கிட்டே இருந்தீங்க, தேதி போயிடுச்சு."

"நீதானே 'ஒண்ணுமில்ல, விடுங்க'ன்னு சொன்னே?"

"ஆமா, சொன்னேன்," என்று தொட்டியைத் தூக்கிக்கொண்டு தண்ணீரைக் கொட்டப் போனாள்.

லிஃப்ட்காரர் கெட்டவர் இல்லை. பயந்தவர். அந்தச் சமையலறையில் நாற்காலியும் தொட்டியும் மட்டும் இருந்து அவள் இல்லாமல் போனால் தன்னால் அதற்குள் கால் வைக்க முடியுமா என்று பயம். அதை வாயைத் திறந்து சொல்லியிருந்தால் பாதிக் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். எங்கே சொன்னார்!

இந்தச் சமயத்தில்தான் மகளிடமிருந்து அம்மாவுக்குப் பிறந்தநாள் பரிசு வந்தது. ஓர் அருவிப் பள்ளத்தாக்கில் கயிறு கட்டி இறங்கும் ஒரு நாள் பயணம். "முதல் தடவை இறங்கறவங்களுக்குன்னே உள்ளதுப்பா. சின்னப் பசங்ககூட இறங்கறாங்க. நீங்க கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இருங்க," என்று மகள் போனிலேயே முன்ஜாமீன் வாங்கிவிட்டாள். சீட்டு அம்மாவுக்கு மட்டும்தான். அவர் தன் செலவில் தனக்கும் ஒன்று எடுத்துக்கொண்டு கூடவே கிளம்பினார். எதற்கு? வேறெதற்கு, நிறுத்தத்தான்.

போகிற வழியில் காரில் நர்ஸம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள். "இன்னைக்கு ஒரு நாள் என்னை நிறுத்தாதீங்க."

"நான் என்ன செய்யப்போறேன்? சும்மா கூட வர்றேன்," என்றார் அவர்.

பள்ளத்தாக்கின் தலைமாட்டில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே ஈர ரப்பர் உடைகள் கொடியில் வரிசையாகத் தொங்கின. பிழியாத துணியின் வாடை. அன்றைக்கு இறங்குகிறவர்கள் நாலே பேர்: இவர்கள் இரண்டு பேர், அப்புறம் புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி. கூட்டிப் போகிறவர்கள் இரண்டு பேர். ஒருத்தி வழிகாட்டிப் பெண், கணீரென்ற குரல்காரி. இன்னொருவர் அவளுடைய கூட்டாளி, மார்பைத் தொடும் தாடிக்காரர்.

வழிகாட்டிப் பெண் ஆளுக்கொரு ஆரஞ்சுத் தலைக்கவசமும், மிதவைச் சட்டையும், இடுப்புப் பட்டையும் கொடுத்தாள். பட்டையின் முன்பக்கக் கொக்கியில் எட்டு மாதிரி ஓர் இரும்பு தொங்கும். கயிறு அதற்குள் வளைந்து போகும். வலது கையால் கயிற்றை இடுப்புக்குப் பின்னால் இழுத்தால் நிற்கலாம், தளர்த்தினால் இறங்கலாம். இதை அவள் விளக்க விளக்க லிஃப்ட்காரர் சிரித்துக்கொண்டார். கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்துவிட்டாள்! கொக்கியின் வாயைத் திறந்து மூடினார், கயிற்றை விரலுக்கிடையில் உருட்டினார், "இந்தக் கொக்கி மாத்துங்க, ஸ்பிரிங் தளர்ந்துடுச்சு," என்றார். தாடிக்காரர் வாங்கிப் பார்த்தார். தளர்ந்துதான் இருந்தது. அதிலிருந்து தாடிக்காரருக்கு இந்த 'அங்கிள்' மேல் தனி மரியாதை. அந்த மரியாதைதான் வினையாக முடிந்தது.

"நல்லாக் கேளுங்க," என்றாள் வழிகாட்டிப் பெண். "முதல்ல இறங்கினவங்க கீழ நின்னு கயிறோட வாலைப் பிடிச்சுக்கணும். தொய்வாத்தான் பிடிக்கணும். மேல இருக்கறவங்க கை நழுவி சர்ருனு வந்தா மட்டும் இழுங்க. கீழருந்து இழுத்தா இந்த எட்டுல கயிறு இறுகிடும், ஆளு அப்படியே நின்னுடுவாங்க. ஆனா அருவித் தண்ணிக்குள்ள மட்டும் யாரையும் நிறுத்தாதீங்க. விழுந்தா பரவாயில்ல, கீழ ஆழமான குளம் இருக்கு, மிதவை இருக்கு. தண்ணிக்குள்ள நின்னா மூச்சு இருக்காது."

இதை அவள் சொன்ன நேரத்தில் லிஃப்ட்காரர் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? மனைவியின் இடுப்புப் பட்டையில் தையல் பிரிந்திருக்கிறதா என்று நகத்தால் நெருடிக்கொண்டிருந்தார். 'கீழருந்து இழுத்தா நின்னுடுவாங்க' என்கிற வரைக்கும் காதில் விழுந்தது. அடடா, கீழேயும் ஒரு பிரேக் வைத்திருக்கிறார்கள் என்று வயிறு குளிர்ந்தது. மிச்சம் காற்றோடு போயிற்று.

"கடைசியா, கையைத் தலைக்கவசத்து மேல வெச்சா 'நான் நல்லா இருக்கேன்'னு அர்த்தம். தண்ணிச் சத்தத்துல பேச்சு கேக்காது. எங்க செஞ்சு காட்டுங்க," என்றாள் அவள். எல்லோரும் தலையில் கை வைத்தார்கள். கப்பல் கவிழ்ந்த வியாபாரிகள் மாதிரி இருக்கிறோம் என்று நர்ஸம்மா சொல்ல, புதுப்பெண் விழுந்து விழுந்து சிரித்தாள்.

முதல் அருவி ஒரு மாடி உயரம். லிஃப்ட்காரர் எதையும் மாடிக் கணக்கில்தான் அளப்பார். நர்ஸம்மா விளிம்பில் திரும்பி நின்று, பின்பக்கமாகச் சாய்ந்து, இரண்டடி வைத்ததும் "ஐயோ!" என்றாள். அப்புறம் சத்தமே இல்லை. கீழே வந்தபோது முகம் பளபளவென்று இருந்தது. இரண்டாவது அருவி இன்னும் சுலபம், சறுக்கு மரம் மாதிரி. இரண்டிலும் அவர் அவளுக்கு முன்னால் இறங்கி, கீழே நின்று, "பாத்து, பாத்து, இடது கால், இடது கால்!" என்று தொண்டை வறளக் கத்தினார். அவள் தலைக்கவசத்தில் கையை வைத்துக் காட்டிவிட்டு இறங்கிக்கொண்டே இருந்தாள்.

மூன்றாவது அருவிக்கு வந்ததும் எல்லோர் பேச்சும் தானாகக் குறைந்தது. மூன்று மாடி. வலப்பக்கப் பாறையில் கால் வைக்க இடமிருந்தது. இடப்பக்கம் ஆறு மொத்தமாகக் கொட்டியது. நடுவில் பாறை வயிறு தள்ளியிருந்ததால், மேலே நிற்பவருக்குப் பாதிக்குக் கீழே நடப்பது எதுவும் தெரியாது.

"வலது பக்கமாவே வாங்க. கீழ கயிறு பிடிக்கறவங்கதான் எனக்குக் கண்ணு," என்றாள் வழிகாட்டிப் பெண்.

தாடிக்காரர் முதலில் இறங்கினார். பிறகு புது ஜோடி. பிறகு லிஃப்ட்காரர். லிஃப்ட் குழிக்குள் தொங்கிப் பழகியவருக்கு இறங்குவது பெரிய காரியமில்லை. இறங்கி, குளத்தின் ஓரமாகக் கழுத்தளவு தண்ணீரில் தத்தளித்து நடந்து, தாடிக்காரர் நின்ற பாறைத் திட்டுக்கு வந்து சேர்ந்தார். அண்ணாந்து பார்த்தார். நர்ஸம்மாவின் காலணிகள் விளிம்பில் தெரிந்தன, பிறகு முதுகு, பிறகு ஆரஞ்சுத் தலை. தாடிக்காரர் கயிற்று வாலைத் தொய்வாகப் பிடித்திருந்தார். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருந்தது.

பின்னால் பெரிய பாறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வீலென்று ஓர் அலறல். புதுமாப்பிள்ளை கத்தினான். "அண்ணே! ஓடி வாங்க! இவ கால் கல்லுக்குள்ள மாட்டிக்கிச்சு, எடுக்க வரல!"

தாடிக்காரர் மேலே பார்த்தார். பின்னால் பார்த்தார். பக்கத்தில் லிஃப்ட்காரர் நின்றார், கொக்கியின் ஸ்பிரிங்கையே கண்டுபிடித்த மனிதர்.

"அங்கிள், ரெண்டு நிமிஷம் பிடிங்க. தொய்வா இருக்கட்டும். உங்களுக்குத் தெரியாததா!" கயிற்றை அவர் கையில் திணித்துவிட்டு ஓடினார்.

கயிறு கைக்கு வந்ததும் லிஃப்ட்காரருக்குக் காலையிலிருந்து இல்லாத நிம்மதி வந்தது. இனி அவள் என் கையில் இருக்கிறாள் என்று நினைத்தார். கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டார்.

யானைக்கும் அடி சறுக்கும். நர்ஸம்மா பாறை வயிற்றைத் தாண்டி, பாதிக்குக் கீழே வந்தபோது பாசியில் கால் வழுக்கியது. உடம்பு பாறையில் மோதி, கிணற்று வாளி மாதிரி ஒரு ஆட்டம் ஆடி, இடப்பக்கம் போய், கொட்டுகிற தண்ணீருக்குள் நுழைந்தது. "என்னங்க!" என்று ஒரு குரல் கேட்டது, அல்லது கேட்டதாக அவருக்குத் தோன்றியது.

அவர் இழுத்தார்.

யோசித்து இழுக்கவில்லை. லிஃப்ட் பிரேக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதைத் திறந்து வைத்திருப்பதுதான் கரண்டு. கரண்டு போன கணத்தில் ஸ்பிரிங் ஓடி வந்து கவ்விக்கொள்ளும், யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவருடைய கைகள் அப்படித்தான் கவ்வின. பின்னால் சாய்ந்து, முழு எடையையும் கயிற்றில் போட்டார். கயிறு விறைத்தது. மேலே எட்டு இறுகியது. அவள் நின்றுவிட்டாள்.

அருவிக்குள் நின்றுவிட்டாள்.

ஆரஞ்சுத் தலை தண்ணீருக்குள் ஒரு கணம் தெரிந்தது, மறுகணம் மறைந்தது. மூன்று மாடித் தண்ணீர் அவள் தலையிலும் தோளிலும் இறங்கிக்கொண்டிருந்தது. கால்கள் மட்டும் வெளியே உதைத்தன. உதைக்கிறாள், விழப்போகிறாள், இன்னும் இழு! அவள் உதைக்க உதைக்க அவர் இன்னும் சாய்ந்தார். அவர் சாயச் சாய, எட்டு இன்னும் இறுகியது. மேலே வழிகாட்டிப் பெண்ணுக்கு இது எதுவும் தெரியாது. இறுகிய கயிறு மட்டும்தான் தெரியும். பாதியில் கொஞ்சம் ஓய்வெடுக்கிறாள் போலிருக்கிறது என்று அவள் நினைத்திருப்பாள்.

"விடுங்க அங்கிள்!" பாறை மேல் ஏறி நின்று தாடிக்காரர் கத்தினார். "கயிறை விடுங்க! தண்ணிக்குள்ள நிறுத்திட்டீங்க!"

அது லிஃப்ட்காரர் காதில் விழுந்தது. நன்றாகவே விழுந்தது.

"விட்டா விழுந்துடுவா!"

"விழட்டும்! விழணும்! விடுங்க!"

விழணுமாம்! பெற்றவள் சொல்வாளா, கட்டினவன் கேட்பானா இப்படி ஒரு பேச்சை? தாடிக்காரர் கற்களின் மேல் விழுந்தடித்து ஓடி வந்துகொண்டிருந்தார். வழுக்குப் பாறையில் எவ்வளவு வேகமாக ஓட முடியும்? லிஃப்ட்காரருக்குள்ளேயே ஒரு மூலையில், விட வேண்டும், அவன் சொல்வதுதான் சரி என்று தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன புண்ணியம்? விரல்கள் திறக்கவில்லை. தானே தன் விரல்களைப் பார்த்து "விடுங்கடா" என்றார். உடும்புப் பிடி. கண்ணீர் வேறு வந்து பார்வையை மறைத்தது.

அப்போது கால்கள் உதைப்பதை நிறுத்தின.

லிஃப்ட்காரர் தன் ஆயுளில் எத்தனையோ விஷயங்கள் நின்றதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறார். இதைப் பார்த்து அவருடைய நெஞ்சே நின்றுபோயிற்று. போய்விட்டாள். நான் கொன்றுவிட்டேன். இந்தக் கையாலேயே கொன்றுவிட்டேன்.

தண்ணீருக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. மெதுவாக, அவசரமே இல்லாமல் வந்தது. மேலே போய், ஆரஞ்சுத் தலைக்கவசத்தைத் தேடி, அதன் மேல் உள்ளங்கை படிய உட்கார்ந்துகொண்டது. தண்ணீர் அந்தக் கையை அடித்துத் தள்ளப் பார்த்தது. கை நகரவில்லை.

நான் நல்லா இருக்கேன்.

கரண்டு வந்த மாதிரி அவருடைய விரல்கள் திறந்துகொண்டன. கயிறு உள்ளங்கையைச் சுட்டுக்கொண்டு ஓடியது. நர்ஸம்மா தண்ணீரோடு தண்ணீராகச் சறுக்கி, ஒரு மாடி உயரத்திலிருந்து குளத்தில் விழுந்தாள். குளம் அவளை விழுங்கியது. வெள்ளை நுரையைத் தவிர ஒன்றுமில்லை. அவர் ஏதோ கத்திக்கொண்டு குளத்துக்குள் பாய்ந்தார். அவர் போய்ச் சேருவதற்கு முன் மிதவைச் சட்டை அவளை மேலே தள்ளியது. தாடிக்காரர் நீந்திப் போய்த் தோளைப் பிடித்து இழுத்து வந்தார்.

பாறைத் திட்டில் உட்காரவைத்ததும் அவள் தண்ணீராக வாந்தி எடுத்தாள். இருமினாள். மறுபடியும் எடுத்தாள். உதடு நீலமாக இருந்தது. வழிகாட்டிப் பெண் இறங்கி வந்து, போர்வையைச் சுற்றி, நாடி பிடித்து, "ஆன்ட்டி, என்னைப் பாருங்க, எத்தனை விரல்?" என்றாள். "நான் நர்ஸ்மா," என்றாள் நர்ஸம்மா. அதைக் கேட்டதும்தான் எல்லோருக்கும் போன உயிர் வந்தது.

தாடிக்காரர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "என் தப்பு. நான் கயிறைக் கொடுத்திருக்கக் கூடாது," என்றார். வழிகாட்டிப் பெண் அவரைப் பார்த்த பார்வையில் அதற்கான பதில் இருந்தது. புதுப்பெண்ணின் காலை எடுத்தாகிவிட்டது, சிராய்ப்புதான். அந்த ஜோடி ஓரமாக ஒடுங்கி நின்றது.

லிஃப்ட்காரர் மனைவியின் எதிரில் முட்டி போட்டு உட்கார்ந்தார். உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்து எரிந்தன. சொல்வதற்கு எதுவும் கிடைக்காமல், கிடைத்ததைச் சொன்னார்.

"நல்லவேளை. நீ நல்லா இருக்கேன்னு கை காட்டினே. அதைப் பாத்துத்தான் விட்டேன்."

நர்ஸம்மா போர்வைக்குள்ளிருந்து அவரைப் பார்த்தாள்.

"நான் எங்கங்க நல்லா இருந்தேன்? மூச்சே இல்ல. கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு."

"பின்ன ஏன் கை காட்டினே?"

"உதைச்சுப் பாத்தேன். உதைக்க உதைக்க நீங்க இழுத்தீங்க. கயிறு யார் கையில இருக்குன்னு அப்பவே தெரிஞ்சு போச்சு." மூச்சு வாங்கினாள். "நான் நல்லா இருக்கேன்னு சொன்னாத்தான் நீங்க விடுவீங்க. கஷ்டப்படறேன்னு தெரிஞ்சா விடவே மாட்டீங்க. அதான் பொய் சொன்னேன்."

அவருக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. பயிற்சித் தேதி போனபோது 'ஒண்ணுமில்ல' என்றாள். கால் வீங்கி வந்து உட்காரும்போதெல்லாம் 'ஒண்ணுமில்ல'. மகள் கல்யாணமாகிப் போன அன்று தலையணை நனைந்திருந்தது, கேட்டார், 'ஒண்ணுமில்ல' என்றாள். அத்தனையையும் நம்பி நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார் மனிதர். அத்தனையும் தலைக்கவசத்தில் வைத்த கைதானா? தண்ணீருக்குள் இருந்துகொண்டே காட்டிய கைதானா? அங்கேயே, எல்லோர் முன்னாலும், லிஃப்ட்காரர் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அவள் அவருடைய உரிந்த உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். "இதுக்கு மருந்து போடணும்," என்றாள்.

இன்னும் ஓர் அருவி பாக்கி இருந்தது. கடைசி, இருப்பதிலேயே பெரியது, நாலு மாடி. பக்கத்திலேயே கீழே போக ஒற்றையடிப் பாதையும் உண்டு. "இன்னைக்கு இது போதும், எல்லாரும் நடந்தே போயிடலாம்," என்றாள் வழிகாட்டிப் பெண். புது ஜோடி அந்த வார்த்தைக்காகவே காத்திருந்த மாதிரி பாதையில் கிளம்பியது.

நர்ஸம்மா எழுந்திருக்கவில்லை. கன்னத்தில் ரத்தம் திரும்பி வரும்வரை, வெயில் பட்ட பாறையில் உட்கார்ந்து அருவியின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போர்வையை மடித்து வைத்தாள்.

"நான் இறங்கறேன்," என்றாள்.

வழிகாட்டிப் பெண் அவளை நடக்கவைத்துப் பார்த்தாள், மூச்சை இழுத்துவிடச் சொன்னாள், கேள்வி மேல் கேள்வி கேட்டாள். இந்த அருவியில் தண்ணீர் ஓரமாக ஒதுங்கி விழும், இறங்கும் பாறை காய்ந்தது, விளிம்பிலிருந்து கீழே குளம் வரை எல்லாம் தெரியும். கடைசியில் "சரி ஆன்ட்டி. ஆனா கீழ இவர்தான் நிப்பார், கயிறை யார்கிட்டயும் கொடுக்க மாட்டார்," என்று தாடிக்காரரைக் காட்டினாள். தாடிக்காரர் மறுபேச்சில்லாமல் முதலில் இறங்கிப் போனார்.

நர்ஸம்மா விளிம்புக்கு வந்தாள். கொக்கியை மாட்டினார்கள். எட்டுக்குள் கயிற்றை வளைத்தார்கள். லிஃப்ட்காரர் இரண்டடி தள்ளி நின்றார். தையலைப் பார்க்கவில்லை. கொக்கியைத் தொடவில்லை.

"பயமா இருக்கா?" என்று கேட்டார்.

அவள் வாய் பழக்கத்தில் 'ஒண்ணு' என்று ஆரம்பித்து நின்றது. அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"இருக்குங்க. ரொம்ப பயமா இருக்கு. இதுவும் பயமா இருக்கு, அங்க போறதும் பயமா இருக்கு. தெரியாத ஊரு, தெரியாத ஆளுங்க, ஒரு வார்டு முழுக்க என் பொறுப்பு. எதுவும் நல்லா இல்ல. ஆனா போகணும்னு இருக்கு."

பயமா இருந்தா வேண்டாமே, பாதையிலேயே போயிடலாமே! லிஃப்ட்காரருக்குத் தொண்டை வரை வந்துவிட்டது. பழகின வாய் அல்லவா? அவள் தலைக்கவசத்தில் கை இல்லை. நல்லா இல்லை என்று தெரிந்தே விட வேண்டிய இடம் இது. கைகள் தாமாகக் கயிற்றுப் பக்கம் போயின. இரண்டையும் அக்குளுக்குள் வைத்து அமுக்கிக்கொண்டார்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு," என்றார். "நீ போயிட்டா அந்தச் சமையலறைக்குள்ள எப்படிக் கால் வெப்பேன்னு பயமா இருக்கு. அதனாலதான் பாக்கலாம்னு சொன்னேன்."

"இதை அன்னைக்கே சொல்லக்கூடாதா?"

"தெரியல. வரல."

"இப்ப என்ன சொல்றீங்க?"

"போயிட்டு வா."

"எதுக்குச் சொல்றீங்க, இதுக்கா, அதுக்கா?"

"ரெண்டுக்கும்தான். சீக்கிரம் இறங்கு, மனசு மாறிடப்போகுது."

நர்ஸம்மா சிரித்தாள். சிரித்தபடியே பின்னால் சாய்ந்தாள். விளிம்புக்கு அப்பால் முகம் மறைந்தது, ஆரஞ்சுத் தலை மறைந்தது. கயிறு மட்டும் பாறை விளிம்பில் விறைத்துக்கொண்டு நடுங்கியது. எட்டிப் பார்க்கலாம், தெரியும். அவர் எட்டிப் பார்க்கவில்லை. எட்டிப் பார்த்தால் "பாத்து, இடது கால்" என்று வாய் கத்தும் என்று அவருக்கே தெரியும். கயிறு ஒருமுறை பலமாகக் குலுங்கியது. அக்குளுக்குள் உரிந்த உள்ளங்கைகள் தீயாக எரிந்தன. பிறகு கயிறு தளர்ந்து பாறை மேல் துவண்டு கிடந்தது. சத்தமே இல்லை. இறங்கிவிட்டாளா, விழுந்துவிட்டாளா? வழிகாட்டிப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். அவள் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீழேயிருந்து நீளமாக ஒரு விசில் வந்தது.

"ஆன்ட்டி இறங்கிட்டாங்க. அங்கிள், நீங்க நடந்து போறீங்களா, இறங்கறீங்களா?" என்றவள் கீழே எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "ஆன்ட்டி சைகை காட்டறாங்க, உங்க கயிறை அவங்களே பிடிக்கறாங்களாம். எங்க ஆளும் கூடப் பிடிச்சிருக்கார். பரவாயில்லயா?"

லிஃப்ட்காரர் இப்போதுதான் எட்டிப் பார்த்தார். குளக்கரையில் நர்ஸம்மா கால்களை அகட்டி நின்றிருந்தாள். அவள் கையில் கயிறு தொய்வாக இருந்தது.

"அவளே பிடிக்கட்டும்," என்று கொக்கியை வாங்கித் தன் பட்டையில் மாட்டிக்கொண்டார்.